அறியாது கொடுத்த கொடை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிறு பட்டினங்களில் தீயணைப்புப் படை என்பது பெரும்பாலும் சம்பளம் பெறும் உத்தியோகத்தரின் படையன்று. பகலில் தத்தம் தொழிலைப் பார்ப்பவர்கள், அபாய அறிவித்தல் கிடைத்ததும் செய்கருமத்தைப் போட்டுவிட்டு ஓடுகின்றனர். அந்நாட்டுத் தீயணைப்பாளருட் பாதிக்கு மேற்பட்டோர் இத்தகைய தொண்டர்களே. எதற்கும் விலை கூறும் ஒரு சமுதாயத்தில் விலை கூறப்படாத இவ்வுழைப்பு எஞ்சியிருப்பது, மனிதன்மேல் நாம் வைத்துள்ள நம்பிக்கைக்கு நல்ல சான்று. ஆயினும், அவ்வுழைப்பின் பயனை எவர் அனுபவிக்கின்றனர் என்று கேளாதிருத்தல் இயலாது.

டெக்சாஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்றொரு பட்டினம் உண்டு. சனத்தொகை மூவாயிரத்தை எட்டாது. 2013 ஏப்ரில் 17 மாலை அங்குள்ள உரக் கிட்டங்கியொன்றில் தீப்பற்றியது. ஊர்த் தொண்டர் சென்றனர். அயலூர்த் தொண்டரும் சென்றனர். முதல் அறிவித்தல் கிடைத்துச் சுமார் இருபது நிமிடத்தில், அங்கிருந்த அமோனியம் நைத்திரேற்றில் ஏறத்தாழ 30 தொன் வெடித்தது. மாண்டோர் 15 பேர். அவருள் 12 பேர் தீயை எதிர்கொள்ளச் சென்றவர்களும் அவர்க்குத் துணைநின்றவர்களுமாவர்.

பின் நடந்தது நாம் எங்கும் காண்பதே. நினைவுக் கூட்டத்தில் சனாதிபதியே உரையாற்றினார். வீரம், தியாகம் என்ற சொற்கள் நாடெங்கும் ஒலித்தன. அப்புகழுரை பொய்யென்று நாம் கூறவில்லை. ஆனால், கொடுப்பவன் தான் கொடுப்பது யாதென அறிந்து கொடுத்தாலன்றோ அது கொடையாகும்? அத்தொண்டர்கள் அங்கு உரம் இருப்பதை அறிவர். அது எவ்வாறு வெடிக்கும் என்பதை எவரும் அவர்களுக்குப் போதிய அளவு கற்பிக்கவில்லை. அறியாதவனிடமிருந்து பெற்றதைத் தியாகம் என்றழைப்பது, எடுத்தவனுடைய கையை மறைப்பதற்கே உதவும்.

“அறிந்திருந்தாலும் அவர்கள் போயிருப்பார்கள்” என்று சிலர் மறுக்கலாம். போயிருப்பர், ஐயமில்லை. ஆனால் எங்கே? இவ்வுரம் பெருந்தொகையாகக் குவிந்த இடத்தைத் தீ சூழ்ந்துவிட்டால் நீர்க்குழாயோடு அண்டி நிற்றலாகாது, சனங்களை அகற்றிவிட்டு விலகவேண்டும் என்பதே தொழிலறிந்தோர் கொண்ட நெறி. அயலிலே முதியோர் இல்லம் இருந்தது. பாடசாலையும் குடிமனைகளும் இருந்தன. அவர்களது துணிவுக்கு அங்கே வேலை நிறையவே இருந்தது. அறிவு அவர்களைக் கோழைகளாக்கியிராது. நிற்கும் இடத்தை மாற்றியிருக்கும்.

அவ்வறிவு உலகில் இல்லாத ஒன்றுமன்று. 1947 ஏப்ரில் 16 இல், அதே மாநிலத்தின் டெக்சாஸ் சிற்றித் துறைமுகத்திலே, அதே உரத்தை ஏற்றிய கப்பலொன்று எரிந்து வெடித்தது. அணைக்கச் சென்ற அவ்வூர்த் தொண்டர் படையில் ஒருவரைத் தவிர அனைவரும் மாண்டனர்.

அறுபத்தாறு ஆண்டுகளின் பின்னரும் வெஸ்ட் பட்டினத்தில் அதே உரம் மரத் தொட்டிகளிற் கிடந்தது. தானாக நீர் தெளிக்கும் அமைப்பு அக்கிட்டங்கியில் இல்லை. மாநிலம் முழுமைக்குமான தீப்பாதுகாப்பு விதிக்கோவையும் இல்லை. தொழிலாளர் பாதுகாப்பை மேற்பார்க்கும் மத்திய நிறுவனம் அவ்விடத்தை இறுதியாகப் பார்வையிட்டது 1985 இல். உரிமையாளர் பிறர்க்கு நேரும் சேதத்துக்கென எடுத்திருந்த காப்புறுதி பத்து இலட்சம் டொலர். நேர்ந்த சேதமோ பத்துக் கோடி டொலருக்கும் மேல். எஞ்சியதை எவர் கொடுத்தனர் என்பதைக் கணக்குத் தெரிந்த நம் மாணவர் எவரும் சொல்வர்.

தீ எவ்வாறு மூண்டது என்பதில் விசாரணை நிறுவனங்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஒன்று, எவரோ வேண்டுமென்றே இட்ட தீ என்றது. மற்றொன்று, காரணத்தை நிறுவ இயலவில்லை என்றது. நெருப்பிட்டவன் ஒருவன் இருந்தானாயின் அவன் குற்றவாளியே. ஆயினும், மரத் தொட்டியை அவன் செய்து வைக்கவில்லை. பாடசாலைக்கு அயலிலே கிட்டங்கியை நடத்தியவனும் அவனல்லன். விதி செய்தால் வியாபாரம் நலியும் என்று வாதிப்போர், அவ்விலாபத்திற்கு ஈடாகத் தம் மாலைப் பொழுதையும் உயிரையும் வைத்த தச்சனையும் கடைச் சிப்பந்தியையும் எந்தப் பேரேட்டில் எழுதுவர்?

இத்தகைய கிட்டங்கிகளுட் புகுந்து பார்வையிடத் தீத்தடுப்பு அதிகாரிகளுக்கு இடமளிக்கும் சட்டத்தை டெக்சாஸ் மாநிலம் 2015 இல் இயற்றியது.