துண்டில் எழுதாத கடன்

சீடன்: ஐயா, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கும் மனைவியின் காதுத் தோட்டை அடகு வைத்து, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையை உத்தேசித்து மகளை மாத்தளை நகரத்து டியூஷன் வகுப்புக்கு அனுப்பும் தகப்பன் ஒருவரை அறிவேன். அவர் செய்வது தியாகமா, பேராசையா என்று நிச்சயிக்க இயலாமல் தவிக்கிறேன்.

குரு: அவரைக் குறைகூற என் நா எழாது, தம்பி. 1945இல் இந்நாட்டில் இலவசக் கல்வி உதயமான பின்பும், அதன் பூரண பலனைக் காணாமல் துரைமாரின் தயவிலே நெடுங்காலம் கிடந்த தோட்டப் பாடசாலைகள், எழுபதுகளிலேதான் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. ஒரு தலைமுறை பிந்தவிடப்பட்டவர் மகளை விரைந்து ஓடச் சொல்வதில் ஆச்சரியம் என்ன?

சீடன்: ஆயின் கல்வியை விற்பதும் வாங்குவதும் தர்மமென்றே ஆகாதோ? கொடுப்பவரும் சம்மதிக்கிறார், கொள்பவரும் சம்மதிக்கிறார்.

குரு: அந்தச் சம்மத நியாயத்தை நம் முன்னோர் துண்டு முறையிலே அனுபவித்தார்கள். கங்காணியும் அவர்கீழ் இருந்த ஆட்களும் பட்ட கடனைத் துரை ஒரு துண்டிலே எழுதிக் கொடுப்பார். அத்தொகையைச் செலுத்திய தோட்டம் அவர்களைப் பெற்றுக்கொள்ளும். 1921இல் சட்டத்தால் அது ஒழியும்வரை, கொடுத்த துரையும் சம்மதித்தார், கொண்ட துரையும் சம்மதித்தார். கைமாறிய ஆளின் மனத்தை எவரும் கேட்டதில்லை. இன்று அந்தப் பத்து வயதுச் சிறுமியின் மனத்தையும் எவரும் கேட்பதில்லை. லயத்திலே தகப்பன் பட்ட அவமானமெல்லாம் அவள் பெயரில் கடனாக ஏறுகிறது. புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியை எட்டித்தான் அவள் அதைத் தீர்க்க வேண்டுமாம். அறிவோ பகிர்ந்தால் குறையாதது; அப்புள்ளியால் கிடைக்கும் பெரிய பாடசாலை இடமோ ஒருவர் பெற மற்றொருவர் இழப்பது. விலைக்குப் போவது இந்த இடமே. ஆகையால் எல்லாரும் வாங்கினால் எவரும் முந்துவதில்லை. வாங்க முடியாதவர் மாத்திரம் பிந்துகிறார்.

சீடன்: தோட்டை மீட்டு மகளை நிறுத்தச் சொல்வீர்களா? நகரத்து வக்கீலின் மகன் வகுப்புக்குப் போய்க்கொண்டே இருப்பானே!

குரு: சொல்லமாட்டேன். ஏழைக்கு மாத்திரம் வைராக்கியம் போதிப்பது பாவம். பகலிலே அரசாங்கச் சம்பளத்துக்கு அரைப் பாடம் சொல்லி, எஞ்சியதை மாலையிலே காசுக்கு வைத்துக்கொள்ளும் ஆசிரியர் எவரேனும் இருந்தால், என் கோபமெல்லாம் அவர்மேல்தான்; அவர் விற்பது ஏற்கெனவே அந்தச் சிறுமிக்கு உரிய பொருள். தகப்பனிடமோ ஒன்றே கேட்பேன்: வெட்டுப்புள்ளியை எட்டாவிட்டாலும், ஆறாம் தரத்துக்கு அவளை இதே ஆசையோடு அனுப்புவாரா?

சீடன்: உறுதி சொல்ல இயலவில்லை, ஐயா. பரீட்சையில் தவறிய மூத்தவளைச் சில வருஷத்தில் படிப்பை நிறுத்திக் கொழும்பிலே ஒரு வீட்டு வேலைக்கு விட்டிருக்கிறார்.

குரு: அவளுக்கு என்ன வயது?

சீடன்: பதினைந்து.

குரு: பதினாறு நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்கலாகாதென்று 2021இல் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது. தத்துவ விசாரம் இருக்கட்டும். நாளைக் காலையில் நாம் இருவரும் போய்த் தகப்பனாரோடு பேசி, முதலில் அவளை அழைத்து வருவோம்.