கொடுப்பவனின் களைப்பு

நான் நாவல் எழுதுவது ஒரு கம்ப்யூட்டரில்தான். அண்மையில் அதைப் பழுதுபார்க்க வந்த இளைஞர், “சார், இதில் இருக்கும் மென்பொருள்களில் பல, முகம் தெரியாத யாரோ இனாமாக எழுதிக் கொடுத்தவை” என்றார். “இனாம் என்றால் தரம் எப்படி இருக்கும்?” என்று கேட்டுவிட்டேன். மறுகணமே வெட்கமாகப் போயிற்று. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற புத்தி எனக்குள்ளும் இருக்கிறதே!

‘ஹேக்கர்’ என்றால் நமக்குத் திருடன். ஆனால் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையில் அந்தச் சொல் வழங்கத் தொடங்கியபோது, ஒரு கருவியின் சூட்சுமத்தை அறியாமல் உறக்கம் கொள்ளாதவனுக்கே அந்தப் பெயர். அறிந்ததைப் பூட்டி வைக்கலாகாது என்பது அவர்கள் தர்மம். அங்கே வளர்ந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அதை ஓர் இயக்கமாக்கினார். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தம் ‘லினக்ஸ்’ஸை உலகுக்குத் திறந்துவைத்தார். யாரும் படிக்கலாம்; திருத்தலாம்; திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம்.

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் அந்த இளைஞர் சொன்ன ஒரு சம்பவம் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

‘எக்ஸ்இஸட்’ என்றொரு சிறிய மென்பொருள். தகவல்களைச் சுருக்கி அடக்குவது அதன் வேலை. உலகெங்கும் எண்ணற்ற கம்ப்யூட்டர்களில் அது இருந்தது. பல ஆண்டுகளாக அதைப் பேணி வந்தவர் பெரும்பாலும் ஒரே மனிதர், அதுவும் ஊதியமின்றி. 2022-இல் சிலர் அவரைக் கடிதங்களால் நெருக்கினார்கள்: ஏன் இத்தனை தாமதம்? முடியாவிட்டால் வேறொருவரிடம் ஒப்படைப்பதுதானே? தமக்கு மனநலம் சரியில்லை என்றும், இது கூலியில்லாத வேலை என்றும் அவர் பதில் எழுதினார்.

அப்போது ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பொறுமையாக, பணிவாக, இரண்டாண்டுக் காலம் உழைத்தார், நம்பிக்கையைப் பெற்றார். 2024 பிப்ரவரியில், பிறர் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்துகொள்ள ஒரு கள்ளக் கதவை அந்த மென்பொருளில் மறைத்து வைத்தார். நெருக்கடி கொடுத்த கடிதங்களும் அதே சதியைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது.

ஆண்ட்ரஸ் பிராயிண்ட் என்ற நிபுணர் வேறு ஏதோ சோதனையில் இருந்தபோது, கம்ப்யூட்டருக்குள் நுழைய அரை விநாடி அதிகமாவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று அவர் விடவில்லை. துருவிக்கொண்டே போய், 2024 மார்ச் 29-இல் குட்டை உடைத்தார். நஞ்சு ஊரெல்லாம் பரவுமுன் தடுக்கப்பட்டது.

“பார்த்தீர்களா, வீட்டைத் திறந்து போட்டால் இப்படித்தான்” என்று சிலர் சொல்வார்கள். கதவு திறந்திருந்ததால் திருடன் நுழைந்தான், உண்மைதான். அதே கதவு திறந்திருந்ததால்தான் வழிப்போக்கர் ஒருவர் உள்ளே போய்ப் பார்க்கவும் முடிந்தது. பூட்டிய வீடாக இருந்தால் அவர் வாசலோடு திரும்பியிருப்பார்.

அந்த மனிதர் அந்நியனை நம்பியதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. என்னை வதைப்பது வேறொன்று. “களைத்துவிட்டேன்” என்று அவர் சொன்னபோது, பக்கத்தில் வந்து நின்று தோள் கொடுத்தவன் ஒருவன்தான், அவன் திருடன். நல்லவர்களாகிய நாமெல்லாம் வேறு வேலையாக இருந்தோம்.

இலவசமாகக் கொடுப்பவன் விலை கேட்பதில்லை. ஆனால் விலை இல்லை என்பதற்காகக் கடனும் இல்லை என்று ஆகிவிடுமா? பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளும் கடன் எளிது. “சௌக்கியமா?” என்று கேட்டுத் தீர்க்க வேண்டிய கடன்தான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது.

“நான் என்ன செய்யலாம், தம்பி?” என்று கேட்டேன்.

“ஒரு கடிதம் போடுங்கள், சார். அவர்களுக்குக் குறை சொல்லித்தான் கடிதம் வரும்.”

அன்றிரவு எழுத உட்கார்ந்தேன். ஆயிரம் பக்க நாவல் எழுதியவன்தான். நன்றி என்று நான்கு வரி எழுதுவதற்குள் வியர்த்துவிட்டது. பழக்கம் இல்லை.