சகோதரரே, உங்களுக்குப் பின்னால் வருகிறவர் யார்?



இந்த மாதம் சபையிலுள்ள ஆண்களோடு கொஞ்சம் மனம் விட்டுப் பேச ஆவியானவர் என்னை ஏவுகிறார். சகோதரிகளும் வாசிக்கலாம். வாசித்து முடித்தபின் வீட்டில் இருக்கிற கணவரிடமும், அண்ணன் தம்பிமாரிடமும் கொடுங்கள்.

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். "நான் இரட்சிக்கப்பட்டேன், ஞானஸ்நானம் எடுத்தேன், அபிஷேகம் பெற்றேன், தசமபாகம் தவறாமல் கொடுக்கிறேன். இன்னொரு மனுஷனைக் கைபிடித்து விசுவாசத்தில் வளர்ப்பது என் கடமையா? அல்லது, வரமும் நேரமும் உள்ளவர்கள் செய்கிற ஊழியமா?"

பல வருஷமாக நானும் இரண்டாவது பதிலைத்தான் மனதில் வைத்திருந்தேன். வாயினால் சொன்னதில்லை, ஆனால் அப்படித்தான் நடந்துகொண்டேன். அதற்கு ஒரு வாலிபன் விலை கொடுத்தான். அதை மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

2019-ம் வருஷம். புதிதாக ஞானஸ்நானம் எடுத்த ஒரு தம்பி, ஆராதனை முடிந்ததும் என்னிடத்தில் வந்தான். "அண்ணா, உங்ககூடக் கொஞ்சம் தனியாப் பேசணுங்க" என்றான். அப்போது எங்களுக்குக் கன்வென்ஷன் வேலை. பந்தல்காரர் ஒரு பக்கம், மைக் செட்காரர் ஒரு பக்கம். "அடுத்த வாரம் பேசலாம் தம்பி, உனக்காக ஜெபம் பண்ணிக்கறேன்" என்றேன். அடுத்த வாரமும் வந்தான். அதே பதில். மூன்றாவது வாரமும் வந்தான். மூன்றாவது முறையும் "ஜெபம் பண்ணிக்கறேன் தம்பி" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டேன். அதன்பிறகு அவன் வரவில்லை. கன்வென்ஷன் நன்றாக நடந்தது. மூன்று நாளும் நல்ல கூட்டம்.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து ஒரு ஹார்டுவேர் கடையில் அவனைப் பார்த்தேன். ஆள் பாதியாக இளைத்திருந்தான். மொபைலில் பணம் கட்டி ரம்மி ஆடி, கடனுக்குமேல் கடன் வாங்கி, வண்டியை விற்று, மனைவியின் நகையை அடகு வைத்திருக்கிறான். அந்தச் சகோதரி தாய் வீட்டுக்குப் போய்விட்டார். "ஏன் தம்பி என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். அவன் கோபப்படவே இல்லை. "யாராச்சும் ஒருத்தர்கிட்ட சொல்லிட்டா நிறுத்திருவேன்னுதாங்க வந்தேன். நீங்க வேலையா இருந்தீங்க. பரவாயில்லீங்கண்ணா" என்றான்.

சகோதரரே, அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த "பரவாயில்லீங்கண்ணா" இன்றுவரை என் காதில் இருக்கிறது.

அன்று இராத்திரி யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்தேன். உடுக்க வஸ்திரமும் உண்ண ஆகாரமும் இல்லாத சகோதரனிடம் நல்ல வார்த்தை மட்டும் சொல்லி, கையில் ஒன்றும் கொடாமல் அனுப்புகிறவனைப்பற்றி யாக்கோபு கேட்கிற கேள்வி என் முகத்தில் அறைந்தது. ஜெபம் வல்லமையுள்ளது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என் நேரத்தைக் கொடுக்காமல் தப்பித்துக்கொள்ள நான் ஜெபத்தை ஒரு திரையாகப் பிடித்தேன். அது பக்தி அல்ல, பக்தியின் வேஷம். இன்னொரு உண்மையும் சொல்லவேண்டும். அந்த மூன்று வாரத்தில் ஒருநாள்கூட அவன் பெயரைச் சொல்லி நான் ஜெபிக்கவே இல்லை.

இதில் என் குற்றம் பெரிதாவதற்கு இன்னொரு காரணம் உண்டு. என்னை ஒருவர் இப்படி அனுப்பிவிடவில்லை!

1998-ல் பதினெட்டு வயதில் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தேன். அந்த வருஷம்தான் கர்த்தர் என்னைச் சந்தித்தார். சபையில் வயதான ஒரு சகோதரர் இருந்தார். பஞ்சாலைத் தொழிலாளி, ஐந்தாம் வகுப்புவரைதான் படிப்பு. செவ்வாய்க்கிழமைதோறும் நைட் ஷிப்ட் முடித்து, தூங்காத கண்ணோடு நேராக என் பட்டறைப் பக்கமுள்ள டீக்கடைக்கு வருவார். மாற்கு சுவிசேஷத்தை நான் வாசிக்கவேண்டும், அவர் கேட்பார். வியாக்கியானம் ஒன்றும் சொல்லமாட்டார். முடிவில் ஒரே கேள்விதான்: "சரி தம்பி, இதைக் கேட்டுட்டு இன்னிக்கு நீ என்ன செய்யப் போற?" அடுத்த செவ்வாய் வந்ததும், "போன வாரம் சொன்னதைச் செஞ்சியா?" என்பார். பொய் சொல்ல முடியாது. டீக்குக் காசு அவர்தான் கொடுப்பார்.

ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் மனைவியைக் கடுமையாகப் பேசிவிட்டாராம். என்னை உட்காரவைத்துவிட்டு, சமையற்கட்டிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டு, என் கண்முன்னே, "நான் பேசினது தப்பும்மா, மன்னிச்சிரு" என்றார். அம்மாவுக்கே கூச்சமாகிவிட்டது. பிற்பாடு வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தேன், குடும்ப வாழ்வைக்குறித்து எத்தனையோ குறிப்புகள் எழுதினேன். ஆனால் என் மனைவியிடம் நான் மன்னிப்புக் கேட்கிறபோதெல்லாம் நினைவுக்கு வருவது அந்தச் சமையற்கட்டு வாசல்தான்.

பட்டறையிலும் அப்படித்தானே? டூல் பிட்டைக் கிரைண்டிங் வீலில் பிடித்துக் கூர் தீட்டுவதை யாரும் பிரசங்கம் பண்ணிக் கற்றுக்கொடுக்க முடியாது. மேஸ்திரி பக்கத்தில் நின்று, நம்முடைய கைமேல் தன் கையை வைத்து, "இவ்வளவு சாய்ச்சாப் போதும்" என்று காட்டுவார். நாலைந்து பிட் வீணாகும். திட்டு விழும். ஒருநாள் கை தானாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு லேத் வேலைக்கே இவ்வளவு காலம் ஒருவர் கூட நிற்கவேண்டியிருக்க, கிறிஸ்துவின் சாயலுக்கு ஒரு மனுஷன் மாறுவது ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தால் மட்டும் நடந்துவிடும் என்று எப்படி நினைத்தோம்?

நம்முடைய ஆண்டவர் பன்னிருவரைத் தெரிந்துகொண்டபோது, பிரசங்கிக்க அனுப்புவதற்கு முன்பாக அவர்கள் தம்மோடு இருக்கவேண்டும் என்பதையே முதல் நோக்கமாக வைத்தார் (மாற்கு 3:14). கூட நடந்தார்கள், கூடச் சாப்பிட்டார்கள், படகில் அவர் தூங்குவதையும் பார்த்தார்கள், கல்லறையண்டை அவர் அழுததையும் பார்த்தார்கள். சீஷத்துவம் என்பது அதுதான்.

"பாஸ்டர், எனக்கு அதற்குத் தகுதி இல்லை" என்று சில சகோதரர்கள் சொல்வீர்கள். தாழ்மையாகத் தெரிகிற இந்த வார்த்தைக்குள் சோம்பலும் ஒளிந்திருக்க முடியும். பர்னபாவைப் பாருங்கள். எருசலேமில் எல்லாரும் சவுலுக்குப் பயந்து ஒதுங்கினபோது, அவரை அப்போஸ்தலரிடத்தில் அழைத்துக்கொண்டு போனவர் பர்னபா (அப். 9:27). தர்சுவுக்கே தேடிப்போய் அவரை அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்தவரும் அவரே (அப். 11:25, 26). பிற்பாடு, பாதி வழியில் திரும்பிப்போன மாற்கைப் பவுல் வேண்டாம் என்றபோதும், பர்னபா அவனை விட்டுவிடாமல் சீப்புரு தீவுக்குக் கூட்டிப்போனார் (அப். 15:39). கடைசிக் காலத்தில் பவுலே, மாற்கு எனக்குப் பிரயோஜனமானவன், அவனை அழைத்து வா என்கிற பொருளில் எழுதுகிறார் (2 தீமோ. 4:11). பர்னபாவின் பெயரால் வேதாகமத்தில் ஒரு நிருபமும் இல்லை. ஆனால் பவுலின் நிருபங்களும் மாற்கு சுவிசேஷமும் நம் கையில் இருக்கின்றன! தேவன் நம்மிடத்தில் மேதையைத் தேடவில்லை, விட்டுவிடாதவனையே தேடுகிறார்.

நம்முடைய தமிழ் மண்ணிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் 1798-ல் தஞ்சாவூரில் மரிக்கும்வரை தம் ஜெர்மனி தேசத்துக்குத் திரும்பவே இல்லை. அவர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது பன்னிரண்டு வயதுள்ள ஒரு பையனைக் கண்டு, தஞ்சாவூருக்கு அழைத்துப்போய், தம்மோடு வைத்து வளர்த்தார். அந்தப் பையன்தான் வேதநாயகம் சாஸ்திரியார். ஐயர் மரித்தபின்பும் 66 வருஷம், 1864-வரை உயிரோடிருந்து, தமிழ்ச் சபைக்குப் பாட்டுகளைக் கொடுத்தார். இன்றும் நம் வீடுகளில் அவை ஒலிக்கின்றன. சுவார்ட்ஸ் ஐயர் விவாகம் பண்ணாதவர், சொந்தப் பிள்ளை கிடையாது. அந்த ஒரு பையனுக்குக் கொடுத்த வருஷங்களின் பலனை அவர் தம் கண்ணால் முழுவதும் காணவில்லை. அவர் பெந்தெகொஸ்தே சபையார் அல்லவே என்று யாரும் சொல்லவேண்டாம். கனி நல்லதாயிருந்தால் ஸ்தோத்திரம் பண்ணுவோம்.

இங்கே ஒரு எச்சரிப்பும் அவசியம். சீஷனாக்குவது என்றால் ஒருவனை என் கைக்குள் அடக்கி வைப்பதல்ல. 1970-களில் அமெரிக்காவின் ப்ளோரிடாவில் அபிஷேகம் பெற்ற சில போதகர்கள் "மேய்ப்பர் முறை" என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பனுக்குக் கீழ்ப்பட்டிருக்கவேண்டும் என்று போதித்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் போகப்போக, யாரை விவாகம் பண்ணுவது, எந்த வேலைக்குப் போவது என்பதற்கெல்லாம் மேய்ப்பனிடம் உத்தரவு கேட்கவேண்டிய நிலை பல இடங்களில் வந்தது. அநேகர் காயப்பட்டார்கள். அதில் முன்னின்றவர்களில் ஒருவரான பாப் மம்ஃபோர்ட் பின்னாளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆகவே சகோதரரே, நமக்குப் பின்னால் வருகிறவன் நமக்கு அடிமை அல்ல. நம்மைத் தாண்டிப் போய்க் கிறிஸ்துவைப் பிடித்துக்கொள்ளவேண்டியவன். யோவான்ஸ்நானகன் தன் சீஷர்கள் இயேசுவின் பின்னே போனபோது தடுக்கவில்லையே!

"எனக்கு நேரம் இல்லை" என்கிறவர்களுக்கு என்ன சொல்வேன்? எனக்கும் இல்லை. பகலில் பட்டறை, மாலையில் ஊழியம், வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆனால் நைட் ஷிப்ட் முடித்து வந்த அந்த ஐந்தாம் வகுப்புப் பெரியவருக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?

இன்னொன்றையும் சிந்தியுங்கள். தீமோத்தேயுவுக்கு விசுவாசம் வந்தது பாட்டி லோவிசாளிடமிருந்தும் தாய் ஐனிக்கேயாளிடமிருந்தும் (2 தீமோ. 1:5). தகப்பன் கிரேக்கன் என்பதைத் தவிர வேறொன்றும் நமக்குச் சொல்லப்படவில்லை (அப். 16:1). நம் சபையிலும் அதே கதைதான். உபவாச ஜெபத்துக்கு வந்து எண்ணிப் பாருங்கள். சகோதரிகள் பாய் நிறைய முழங்காலில் இருப்பார்கள், ஆண்கள் வாசலில் வண்டிமேல் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்போம். தாய்மார் விதைத்தார்கள், கர்த்தர் அவர்களை ஆசீர்வதிப்பாராக. ஆனால் தீமோத்தேயுவை மகனே என்று அழைக்க ஒரு பவுல் வந்தாரே, நம்முடைய வாலிபப் பிள்ளைகளுக்கு அந்த ஆள் யார்?

அந்தப் பெரியவர் 2011-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனையன்று பெட்டியைத் தூக்க நாங்கள் நாலு பேர் நின்றோம். பேசிப்பார்த்தபோதுதான் தெரிந்தது: செவ்வாய் என்னோடு, புதன் ஒருவரோடு, வெள்ளி இன்னொருவரோடு, சனி மற்றவரோடு. நான் ஒருவன்தான் என்று நாலு பேருமே நினைத்திருந்தோம். அவர் ஒருநாளும் பிரசங்க பீடத்தில் ஏறினதில்லை.

ஆகவே முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். இது வரம் பெற்ற சிலருடைய விருப்ப ஊழியம் அல்ல, கடன். நம்மை ஒருவர் சுமந்தார். அந்தக் கடனை அவரிடமே திருப்பிக் கொடுக்க முடியாது. பின்னால் வருகிறவனிடத்தில்தான் கொடுக்க முடியும். பவுல் தீமோத்தேயுவுக்கு, தீமோத்தேயு உண்மையுள்ள மனுஷருக்கு, அவர்கள் மற்றவர்களுக்கு என்று நாலு தலைமுறை ஒரே வசனத்தில் அடங்கியிருக்கிறது (2 தீமோ. 2:2). அந்தச் சங்கிலி என் கையில் வந்து அறுந்தால் நான் என்ன கணக்குக் கொடுப்பேன்?

இந்த வாரமே மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, உங்களைச் சுமந்தவருடைய பெயரைச் சொல்லிக் கர்த்தரை ஸ்தோத்திரியுங்கள். உயிரோடிருந்தால் நேரில் போய் நன்றி சொல்லுங்கள். இரண்டு, ஒரே ஒருவனுடைய பெயரைக் கர்த்தரிடத்தில் கேளுங்கள். பத்துப் பேர் வேண்டாம். மூன்று, அவனுக்கு வாரத்தில் ஒரு நாளும் ஒரு நேரமும் சொல்லுங்கள். வேதத்தைத் திறங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், உங்கள் தோல்வியையும் மறைக்காதீர்கள்.

அந்தத் தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் நான்தான் அவனைத் தேடிப் போகிறேன். சபைக்கு இன்னும் வரவில்லை. கடனில் கொஞ்சம் அடைத்திருக்கிறான். மனைவி இன்னும் திரும்பவில்லை. சில நாள் டீ மட்டும் குடித்துவிட்டுப் பிரிகிறோம். போன வாரம் அவனாகவே, "அண்ணா, பைபிள் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டான். மாற்கு ஒன்றாம் அதிகாரம் ஆரம்பித்திருக்கிறோம். அவனுக்காக ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு எழுந்து, உங்களுடைய ஆளைத் தேடிப் போங்கள்.

கர்த்தர் தாமே உங்களைப் பெலப்படுத்தி, அநேகரைத் தாங்குகிற தூண்களாக நிறுத்துவாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்