மெழுகுவத்தி வாங்கினால் கடன் தீருமா?

2024 ஜூலையில் டெல்லியிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. பார்வைக் குறைபாடு உள்ளிட்ட சான்றுகளைக் காட்டி ஆட்சிப் பணிக்குத் தேர்வான ஒருவர் மீது ஐயம் எழுந்தது. தேர்வு விதிகளை மீறினார் என்று கூறி, 31-ஆம் தேதி மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் அவருடைய தேர்வை ரத்து செய்தது. நாடே அதைப் பேசியது. அதே மாதம் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பை வழங்கியிருந்தது. 2008-ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வை எழுதிய, முற்றிலும் பார்வையற்ற ஒருவருக்குப் பணி வழங்கச் சொன்ன தீர்ப்பு அது. பார்வையற்றோருக்குரிய இடங்களை நிரப்பாமல் விட்ட அரசை நீதிமன்றம் கடிந்துகொண்டது. அதைப் பேசியவர்கள் சிலரே.

பொய்ச் சான்று பெரும் பாவம்தான், தண்டிக்கப்பட வேண்டியதுதான். ஆனால் உரியவரைப் பதினாறு ஆண்டுகள் வாசலில் நிறுத்தி வைப்பது அதைவிடப் பெரிய பாவம். பார்வையற்றவருக்கு வேலை கொடுப்பது தருமம் அன்று, திருப்பித் தர வேண்டிய கடன். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரி சாலையில், 1944-இல் தொடங்கப்பட்ட பார்வையற்றோர் நிவாரணச் சங்கம் இருக்கிறது. கணினியும் கைவினையும் அங்கே கற்றுத் தரப்படுகின்றன. ஆண்டுதோறும் அந்த வளாகத்தில் நடக்கும் தீபாவளிச் சந்தை தலைநகரில் பிரபலம். பயிற்சி பெறுவோர் செய்த மெழுகுவத்திகளை மக்கள் பை பையாக வாங்கிப் போகிறார்கள். உருக்கிய மெழுகு அச்சில் எதுவரை ஏறியது, திரி நடுவில் நிற்கிறதா என்பதையெல்லாம் பழகிய விரல் நுனி சொல்லிவிடும். அந்தத் தொழில்திறனுக்குத்தான் விலை. பலரோ புண்ணியத்துக்கு விலை கொடுத்ததாக எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அப்படித் திரும்பும் அதிகாரியும் முதலாளியும் மறுநாள் தம் அலுவலகத்துக்கு வரும் பார்வையற்ற விண்ணப்பதாரரை என்ன செய்கிறார்கள்?

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். இரவச்சத்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால், அப்படி உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபித்தவர் அவர். ஆள்வினையுடைமையில் இன்னும் தெளிவாகப் பேசுகிறார். உறுப்புக் குறை எவருக்கும் பழியாகாது, அறிந்து முயலாமையே பழி என்று அவர் சொல்வதாகப் பொருள்கொண்ட உரைகள் உண்டு. தெரிந்து வினையாடல் அதிகாரத்தில், இன்ன கருவியால் இன்ன வேலையை இவன் முடிப்பான் என்று ஆராய்ந்து, அதை அவனிடமே விட்டுவிடச் சொல்கிறார். மணிமேகலையில் ஆபுத்திரன் காண இயலாதவரையும் கேட்க இயலாதவரையும் அழைத்து உணவிட்டான். பசிக்கு அதுதான் அறம். ஆனால் அமுதசுரபியே கையில் இருந்தாலும், உழைக்க வல்லவனை வரிசையில் நிறுத்திச் சோறு போடுவது அறமாகாது. பார்வையற்ற அந்தகக்கவி வீரராகவ முதலியாரைத் தமிழகம் புலமைக்காகவே போற்றியது, இரக்கப்பட்டு அன்று.

சட்டமும் இதையே சொல்கிறது. 1995-இன் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு தந்தது. அதை எப்படிக் கணக்கிடுவது என்று பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு வழக்காடி, 2013 அக்டோபர் 8-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பெற வேண்டியிருந்தது. 2016-இன் சட்டம் ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கி, அதில் 1 சதவீதத்தைப் பார்வையற்றோருக்கும் பார்வைக் குறைபாடு உள்ளோருக்கும் வைத்தது. தனியார் துறையைக் கட்டாயப்படுத்தவில்லை. ஊக்கம் தருவோம் என்பதோடு நின்றுகொண்டது. பார்வையின்மையைக் காட்டி நீதித்துறைப் பணியை மறுக்கக் கூடாது என்று சொல்வதற்குக்கூட 2025 மார்ச்சில் ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது. கடனாளி தானாகத் தராததால்தான் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருக்கிறது.

எல்லா வேலையையும் எல்லாராலும் செய்ய முடியாது என்பார்கள் முதலாளிகள். உண்மைதான். ஆனால் முடியாது என்ற முடிவைச் சோதித்துப் பார்த்தா எடுக்கிறார்கள்? சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபைன் 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல் முறை. திரைவாசிப்பு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அது கணினித் திரையில் உள்ளதைக் குரலாக்கித் தரும். ஆனால் இணையப் பக்கத்தை அமைத்தவர் ஒரு பொத்தானுக்குப் பெயர் இடாமல் விட்டால், அது 'பட்டன், பட்டன்' என்று மட்டும் சொல்லும். அதனால் விண்ணப்பத்தை அனுப்ப முடியாமல் போனால், குறை யாருடையது?

தொண்டு நிறுவனங்கள் பயிற்சி தரலாம், கைபிடித்து வாசல்வரை கொண்டுவந்து விடலாம். கதவைத் திறக்க வேண்டியவர்கள் அரசும் முதலாளிகளும்தான். ஆகவே தீபாவளிச் சந்தையில் தாராளமாக வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். அதை அறக்கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் பார்வையற்ற ஊழியர் எத்தனை பேர், நிரப்பாமல் கிடக்கும் இடம் எத்தனை என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். இரக்கப்படுவது எளிது, கணக்குக் கேட்பதுதான் அறம்.