கரியல் இல்லாத சைக்கிள்

கல்முனையில் சைக்கிளில் ஏறி சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே போகிறவருக்குப் பாலங்களில் ஏறுவதுதான் ஏற்றம். கிழக்கே கடல், மேற்கே வட்டை, இடையில் ஏ4 வீதி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரை. ஆனால் எங்கள் பொடியன்கள் அதிகம் ஆசைப்படுவது மவுண்டன் சைக்கிளுக்குத்தான். அது இல்லாவிட்டால் ரேசிங் சைக்கிள்.

என் மகனும் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு அதைத்தான் கேட்டான். "வாப்பா, மவுண்டன் எடுப்பமா, ரேசிங் எடுப்பமா?"

இரண்டும் எங்கே, எதற்காகப் பிறந்தவை என்று தேடிப் பார்த்தேன். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் என்ற பகுதியில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைக்கு மேலே கொண்டுபோய், காட்டுப் பாதையில் கீழே ஓட்டி விளையாடினார்கள். 1976இல் அங்கே ஒரு பந்தயமே தொடங்கியது. பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக் இறக்கத்தில் சூடேறி, உள்ளேயிருந்த கிறீஸ் எரிந்துபோகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டும். இன்றைய மவுண்டன் சைக்கிள் அந்த விளையாட்டில் உருவானது. ரேசிங் சைக்கிளின் கதை இன்னும் பழையது. பிரான்ஸைச் சுற்றி ஓடும் பெரும் பந்தயம் 1903இல் ஆரம்பித்தது. செயினைப் பல் மாற்றிப் போடும் கியருக்கு அதில் 1937 வரை அனுமதியே இல்லை. ஆக ஒன்று விளையாட்டு, மற்றது பந்தயம். இரண்டிலும் வண்டியில் ஏறியவர் ஒருவர்தான்.

சமதரையில் ரேசிங் சைக்கிளின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. கடைக்காரர் ஒரு கையால் தூக்கிக் காட்டும் அந்தப் பாரக் குறைவைச் சொல்லவில்லை. ஏற்றம் இல்லாத ஊரில் அந்த இரண்டு மூன்று கிலோ பெரிய விஷயமல்ல. எங்களுக்கு மலை என்றால் அது காற்றுத்தான். வருட நடுவில் கச்சான் அடிக்கும் நாட்களில் சம்மாந்துறைப் பக்கம், மேற்கே மிதித்துப் பார்த்தவருக்கு அது தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். குனிந்து ஓட்டுகிறவருக்கு அந்தத் தடை குறையும். மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். காபட் போட்ட வீதியில் விடியவே புறப்பட்டால் ரேசிங் சைக்கிள் சுகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆனால் நாங்கள் ஏ4 வீதியில் குடியிருக்கவில்லையே. வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளின் முடிவில் மணல்தான். ரேசிங் சைக்கிளுக்கு 25, 28 மில்லிமீற்றர் அகலமான டயர், 80 பவுண்டுக்கு மேல் காற்று. மணலில் இறங்கினால் கத்தியாக வெட்டி இறங்கும். இரண்டு அங்குல மவுண்டன் டயர், காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால், அதே மணலில் மிதந்து போகும். இந்த இடத்தில் மவுண்டனுக்கு வெற்றி. எனினும் அதன் முன்பக்கத்து ஸ்பிரிங் கவட்டை எனக்குப் பிடிக்கவில்லை. மலிவானவற்றில் அது வெறும் பாரம். உப்புக் காற்றும் மணலும் சேர்ந்தால் சீக்கிரம் இறுகிவிடும்.

சாரனைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. சுபஹ் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகிற ஆண்களில் எத்தனையோ பேர் சாரனோடு சைக்கிளில் போகிறவர்கள். அவர்களுக்குச் செயின் கவர் வேண்டும். மாரியில் முதுகில் சேறு தெறிக்காமல் இருக்க மட்காட் வேண்டும். தொழப் போகிற உடுப்பு அல்லவா! இந்த இரண்டு வகைச் சைக்கிள்களிலும் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது.

கரியலும் இருக்காது. எனக்கு உண்மையில் உறைத்தது இதுதான்.

இந்தக் கரையில் சைக்கிள் என்றால் பின்னால் ஏதோ இருக்கும் வண்டி. மீன் பெட்டி இருக்கும். மாட்டுக்குப் புல்லுக் கட்டு இருக்கும். மருதமுனைத் தறியில் நெய்த துணிக்கட்டு இருக்கும். முன் பாரில் ஒரு பிள்ளை, பின்னால் உம்மா, அவர் மடியில் இன்னொரு பிள்ளை. 2022 ஜனவரியில் லீற்றர் 177 ரூபாய்க்கு விற்ற பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாயானது. கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அந்த மாதங்களில் மூலையில் கிடந்த கறள் பிடித்த கரியல் சைக்கிள்கள்தான் வீடுகளைக் காப்பாற்றின.

மகனிடம் கரியலைப் பற்றிச் சொன்னபோது முகம் சுருங்கியது. "கரியல் பூட்டினா எல்லாரும் வேலை சொல்லுவாங்க வாப்பா." பதினாறு வயதுப் பிள்ளை எவ்வளவு சரியாகப் பிடித்துவிட்டான்! கரியல் உள்ளவனிடம் மில்லுக்குப் போ, வாப்பும்மாவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடு, இந்த அரிசிச் சாக்கைக் கொண்டுபோ என்று கேட்கலாம். கரியல் இல்லாதவனிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. மவுண்டனா, ரேசிங்கா என்பது இரண்டாவது கேள்வி. பிறர் உதவி கேட்கக் கூடிய ஆளாக நான் இருக்கப் போகிறேனா என்பதுதான் முதலாவது.

தனியே போவதில் குற்றமில்லை. விடியற்காலையில் தனியே சைக்கிள் மிதிப்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு நடந்த ஒன்றை மகனுக்குச் சொன்னேன். மவுண்டன், ரேசிங் சைக்கிள்களுக்குக் கியர் முதலான பாகங்கள் செய்யும் பெரிய அமெரிக்கக் கம்பனி ஸ்ராம். அதை நிறுவியவர்களில் ஒருவர், சுனாமியைக் கண்டு, 2005இல் 'வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். இலங்கையில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை அது கொடுத்தது. பின்னர் ஆபிரிக்கக் கிராமங்களுக்கென்று அவர்கள் தாங்களே ஒரு சைக்கிள் வடிவமைத்தார்கள். பெயர் பஃபலோ. முதலில் வந்த வண்டியில் கியர் மாற்றமும் இல்லை, ஸ்பிரிங் கவட்டையும் இல்லை. கனத்த இரும்புச் சட்டம், பின்னால் 100 கிலோ தாங்கும் கரியல். கியர் செய்து விற்கிறவர்களே, பிழைப்புக்கு ஒரு சைக்கிள் என்று யோசித்தபோது கியரை விட்டார்கள், கரியலைப் பிடித்துக்கொண்டார்கள்.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, கரியலைப் பிறகு பூட்டுவம்" என்றான். பேரம் பேசத் தெரிந்த பிள்ளை.

என் தீர்ப்பு இது. வீட்டில் வேறு வண்டி இருந்து, வேகத்துக்காகவும் உடம்புக்காகவும் மட்டும் ஓடுகிறவர் ரேசிங் சைக்கிளையே வாங்கட்டும். இந்தத் தரைக்கும் காற்றுக்கும் அது பொருந்தும். வீட்டுக்கு ஒரே சைக்கிள் என்றால் மவுண்டன் சட்டம், ஸ்பிரிங் இல்லாத கவட்டை, முரட்டுப் பல் இல்லாத ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத டயர், இரண்டு மட்காட். முன்னால் பற்சக்கரம் ஒன்றே என்றால் செயின் கவரும் பூட்டலாம், சாரனும் தப்பும். கடைக்குப் போனால் கியர் எத்தனை என்று கேட்கும் முன்னர் குனிந்து பின் சில்லின் அச்சுப் பக்கம் பாருங்கள். கரியல் பூட்டும் துளை அங்கே இல்லாவிட்டால் அந்தச் சைக்கிளை விட்டுவிட்டு அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.