இடம் மாற்றிக் கேட்கும் பூ

புரட்டாசி

ஒரு கிராமில் 400க்கு மேல் ஆஸ்டர் விதை இருக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு அதில் கால்வாசி போதும், மீதியை யாருக்காவது கொடுத்துவிடலாம். நாற்றுத் தட்டில் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, மேலாகத் தூவி, சலித்த மண்ணால் மெல்லிசாக மூடினால் முடிந்தது வேலை. ஆழத்தில் விழுந்த விதை மேலே வராது. ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். அதுவரை தட்டு காயவும் கூடாது, ஊறவும் கூடாது. இந்த மாதத்து மழை நேராக அடித்தால் நாற்றழுகல் வந்து ஒரே இரவில் தண்டு அடியில் கருத்துச் சாய்ந்துவிடும். அதனால் தட்டு தாழ்வாரத்தில், காற்று வரும் இடத்தில்.

ஓசூர்ப் பக்கம் இந்தப் பூவை வயலாகவே போடுகிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், செம்மண், குளிர்ந்த இரவு. ஆஸ்டருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் வீட்டு வாசலில் வளர்ப்பவர்கள் குறைவு. மூட்டையாகக் கட்டி லாரியில் ஏறுகிற பூவை யார் தொட்டியில் வைத்துக் கொஞ்சுவார்கள் என்பதாக இருக்கலாம்.

நாம் ஆஸ்டர் என்று சொல்வது சைனா ஆஸ்டரை. லின்னேயஸ் 1753இல் இதை ஆஸ்டர் பேரினத்துப் பிள்ளையாகத்தான் எழுதிவைத்தார். பின்னால் வந்த தாவரவியலாளர்கள் பிரித்து எடுத்து, காலிஸ்டெபஸ் என்று தனிப் பேரினம் ஆக்கினார்கள். அந்தப் பேரினத்தில் இது மட்டும்தான் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேசுயிட் பாதிரிமார்கள் சீனாவிலிருந்து பாரிஸுக்கு இதன் விதையை அனுப்பியபோது, நடுவில் மஞ்சள் வட்டும் சுற்றிலும் ஒற்றை வரிசை இதழுமாக எளிமையாக இருந்தது. அடுக்கடுக்காகப் பெருத்தது ஐரோப்பியத் தோட்டங்களில்.

ஐப்பசி

நாற்று நான்கு இலை விட்டு நிமிர்ந்தது. எங்கே நடுவது என்பதுதான் ஆஸ்டரில் உண்மையான கேள்வி. தண்ணீர், எரு, வெயில் எல்லாம் அதற்குப் பிறகு.

விதைக் கடைக்காரர்கள் இதைச் சுலபமான பூ என்பார்கள். முதல் தடவை சுலபம்தான். அதே பாத்தியில் மறுபடி நட்டால் தெரியும். மொட்டு வைக்கிற நேரத்தில், தண்ணீர் குறைவில்லாமல் இருக்கும்போதே, ஒரு செடி ஒரு பக்கமாக வாடும். கீழ் இலை மஞ்சளாகும். தண்டின் அடியைக் கீறிப் பார்த்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடியிருக்கும். இது ஃபியூசேரியம் வாடல். தண்ணீர் ஏறுகிற குழாய்க்குள்ளேயே காளான் புகுந்து அடைத்துவிடுகிறது. எவ்வளவு ஊற்றினாலும் மேலே போகாது.

வாழையில் வாடல் கொண்டுவருவதும், தக்காளியில் கொண்டுவருவதும் இதே ஃபியூசேரியம்தான். ஆனால் ஒவ்வொரு பயிருக்கும் அதில் ஒரு பிரிவு ஒதுங்கியிருக்கிறது. வாழைக்கு வந்தது ஆஸ்டரைத் தொடாது. ஆஸ்டருக்கு வந்தது வாழையைத் தொடாது. ஆஸ்டர் வாடிச் செத்த இடத்தில் அவரைக்கொடி ஒன்றுமே நடக்காததுபோல் படர்ந்து காய்க்கும். மண் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியவில்லை. மண்ணுக்கு ஆஸ்டரோடு மட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. தடித்த ஓடு போர்த்திய வித்துக்களாக அந்தக் காளான் வருஷக்கணக்கில் மண்ணிலேயே படுத்திருக்கும், அதன் செடி திரும்பி வரும்வரை.

பாகலூர்ப் பக்கம் பூ போடுகிற ஒருவரிடம் கேட்டேன், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று. "மூணு வருஷம் கழிச்சுதாம்மா அந்தத் துண்டுல திரும்பவும் வைப்பேன். நடுவுல ராகி போடுவோம், அவரை போடுவோம். பூ போட்ட எடத்துலயே பூ கேக்கக் கூடாது."

அவருக்கு நிலம் இருக்கிறது. எனக்கு இருப்பது சுவரோரம் சில பாத்தி, கிணற்றடியில் ஒன்று. சுழற்சி முறை என்று வேளாண் புத்தகங்கள் சொல்வதை முற்றத்தில் செய்வது ஒருவித சதுரங்கம். சென்ற வருஷம் கீழைச் சுவர், அதற்கு முன் கிணற்றடி. இந்த வருஷம் துளசி மாடத்துக்குப் பின்னால், வெண்டை எடுத்த இடத்தில். வேப்பம் புண்ணாக்கோடு டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, ஈரச் சாணியில் பத்துப் பதினைந்து நாள் ஊறவைத்து, பாத்தியில் கிளறிவிட்டேன். அந்த நல்ல காளான் கெட்ட காளானை நெருக்கும் என்பது நம்பிக்கை மட்டும் இல்லை, சோதித்த விஷயம். ஆனாலும் இடம் மாற்றுவதற்கு அது ஈடாகாது.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1920களில் வாடலைத் தாங்கும் ஆஸ்டர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நோய் ஏறிய மண்ணிலேயே வேண்டுமென்று நட்டு, சாகாமல் நின்றதிலிருந்து விதை எடுத்து, அதை மறுபடி அந்த மண்ணிலேயே நட்டார்கள். அந்த வேலையைச் செய்தவர்களின் பொறுமையை நினைத்துக்கொள்கிறேன். செத்துப்போன செடிகளுக்கு நடுவே நின்று, எது நிற்கிறது என்று மட்டும் பார்க்கிற கண் வேண்டும்.

நடும்போது செடிக்குச் செடி ஓர் அடி விட்டேன். சாயங்காலம்தான் நடவேண்டும். முதல் இரவு குளிர்ச்சியில் அது வேரைச் சமாளித்துக்கொள்ளும்.

கார்த்திகை

களை எடுக்கும் மாதம். ஆஸ்டரின் வேர் மேலாகவே படர்கிறது. களைக்கொத்தை ஆழமாகப் போட்டால் அதுவும் அறுபடும். கையால்தான் பிடுங்க வேண்டும், குந்தி உட்கார்ந்து.

இன்று பிடுங்கியவை: மூக்குத்திப்பூண்டு நிறைய. ஓரத்தில், தண்ணீர் தேங்குகிற இடத்தில் கரிசலாங்கண்ணி. வேலியோரம் பார்த்தீனியம். கோரை, அருகம்புல்லை விட்டுவிட்டால், கையில் சேர்ந்ததெல்லாம் ஆஸ்டரின் உறவு. எல்லாமே சூரியகாந்திக் குடும்பம். மூக்குத்திப்பூண்டின் பூவை உருப்பெருக்கியில் பார்த்தால் நடுவில் மஞ்சள் வட்டு, ஓரத்தில் சில வெள்ளை இதழ். சீனாவிலிருந்து பாரிஸ் போன அந்த முதல் ஆஸ்டரின் அமைப்புதான், அளவு மட்டும் சிறுத்துப்போய். பார்த்தீனியம் 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டு, பிறகு நாடெல்லாம் பரவியது. ஆஸ்டரும் வெளியிலிருந்து வந்ததுதான். ஒன்றுக்கு எரு வைக்கிறேன், மற்றதை வேரோடு பிடுங்குகிறேன். கரிசலாங்கண்ணியை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தேன், எண்ணெய் காய்ச்ச ஆகும். இது எதுவும் அந்தச் செடிகளின் குணத்தைப் பற்றியது இல்லை. என் வீட்டுத் தேவையைப் பற்றியது.

நட்டு ஒரு மாதம் ஆனதும் நுனியைக் கிள்ளினேன். கிள்ளிய இடத்துக்குக் கீழே நான்கைந்து கிளை எழும்பும். கிள்ளாமல் விட்டால் ஒற்றைத் தண்டில் உயர்ந்து நின்று, தலை கனத்துச் சாயும். இந்த மாதத்தில் பகல் குறுகிவிட்டதால் செடி எப்படியும் குட்டைதான். பகல் நீளம் கூடினால் ஆஸ்டரின் தண்டு நீளும். ஜாடிப் பூவுக்காக வளர்க்கிறவர்கள் இரவில் விளக்குப் போட்டு அதை ஏமாற்றுவதும் இதற்காகத்தான். வாசலில் வைக்கிற பூவுக்கு முழங்கால் உயரம் போதும். யாரையும் ஏமாற்ற வேண்டாம்.

மார்கழி

மொட்டு. பச்சைச் செதில்கள் சூழ்ந்து, பூவை விட முதலில் அந்தப் பச்சைத் தட்டுதான் அழகு.

ஒரு செடி மட்டும் சரியில்லை. இலை வெளிறி, தண்டு மெலிந்து கொத்துக் கொத்தாகத் துளிர்த்திருக்கிறது. திறந்த ஒரு மொட்டில் நிறமே இல்லை. இதழ் வரவேண்டிய இடத்தில் சிறு சிறு பச்சை இலை. எள் வயலில் பூவிலை நோய் கண்டவர்களுக்கும், கத்தரியில் சிற்றிலை நோய் கண்டவர்களுக்கும் இந்த முகம் தெரியும்.

இது ஆஸ்டர் மஞ்சள் நோய். இதை ஆராய்ந்த லூயி குங்கெல், தத்துப்பூச்சிதான் கொண்டுவருகிறது என்று 1926இல் காட்டினார். நோய்ச்செடியில் சாறு உறிஞ்சிய பூச்சி உடனே அடுத்த செடிக்குக் கொடுத்துவிடாது. பத்து நாளாவது அதன் உடம்பில் நோய்க்கிருமி பெருக வேண்டும். அதை வைரஸ் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1967இல் ஜப்பானில் தோய் என்பவரும் அவரோடு வேலைசெய்தவர்களும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, செல்சுவர் இல்லாத நுண்ணுயிர் என்று சொன்னார்கள். இன்று பைட்டோபிளாஸ்மா என்கிறோம்.

அது செடியை உடனே கொல்வதில்லை, அதுதான் விசித்திரம். பூவாக மாறப் புறப்பட்டதைத் திருப்பி இலையாக்குகிறது. இலை கூடினால் தத்துப்பூச்சிக்குச் சாறு கூடும். செடி உயிரோடிருக்கிறது, ஆனால் தனக்காக இல்லை. வெகுநேரம் அந்தப் பச்சைப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருவருப்பாக இல்லை. ஓர் இதழ் அடிப்படையில் இலைதான் என்பதை நோய் வந்துதான் காட்ட வேண்டியிருக்கிறது.

பிடுங்கி, பையில் கட்டி, எரித்தாயிற்று. மருந்து இல்லை. மற்ற செடிகளுக்கு, பூச்சியை விரட்ட, வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு, வெயில் இறங்கிய பிறகு.

தை

பூத்துவிட்டது. ஊதா முதலில், பிறகு வெள்ளை.

வெள்ளை, பூர்ணிமா என்ற ரகம். ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கியது. காமினி, சசாங்க், வயலெட் குஷன் இவையும் அங்கேதான். காமினியின் அடர்ந்த இளஞ்சிவப்பு பக்கத்து வீட்டில் இருக்கிறது. மகாராஷ்டிரத்து ராகுரி வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஃபுலே கணேஷ் வரிசையும் உண்டு. ஆஸ்டரில் இல்லாத நிறம் நல்ல மஞ்சள். அழுத்தமான மஞ்சளும் ஆரஞ்சும் இந்தச் செடிக்கு வராது. மாலை கட்டுகிறவர்களுக்கு இது வேண்டியிருப்பது இதன் ஊதாவுக்காக. சாமந்தியின் மஞ்சளுக்கு நடுவே ஊதா வைக்க வேறு மலிவான பூ என்ன இருக்கிறது?

வாசனை கிடையாது. தலையில் வைத்துக்கொள்ள யாரும் கேட்பதில்லை. கனகாம்பரத்துக்கும்தான் வாசனை இல்லை, ஆனால் அதைத் தொடுத்து வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்டர் சாமிக்கும் மேடைக்கும் போகும், கூந்தலுக்குப் போகாது. இதில் நியாயம் தேடிப் பயனில்லை.

காலையில் ஒரே பூவின் முன் உட்கார்ந்து பார்ப்பது இந்த மாதத்துப் பழக்கம். பூ என்று நாம் பறிப்பது ஒரு பூ இல்லை, பல பூ சேர்ந்த தலை. வெளி வளையம் முதலில் திறக்கிறது. உள்ளே இருப்பவை முறை வைத்துக் காத்திருக்கின்றன. நேற்று மூடியிருந்த வளையம் இன்று திறந்திருக்கும். நடு இன்னும் பச்சையாக இறுகியிருக்கும். எது திறக்கிறது என்று கண்ணால் பிடிக்க முயன்றால் முடியாது. சற்று வேறு பக்கம் பார்த்துத் திரும்பினால் ஒன்று கூடியிருக்கும். நடுவில் மஞ்சள் வட்டு விட்ட ஒற்றை அடுக்குப் பூக்களில் தேனீ உட்காருகிறது. நன்றாக அடுக்கு நிறைந்த பூவில் மகரந்தத்துக்கு வழி இல்லை. நாம் அழகு என்று பெருக்கியது அதற்குப் பட்டினி.

ஜாடிக்கு வெட்டுவதாக இருந்தால் வெயிலுக்கு முன், வெளி இதழ்கள் முழுதும் விரிந்த பூவாக. தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிட வேண்டும். பூவுக்கு முன்னால் இலைதான் அழுகி நாறும். தண்ணீரைத் தினம் மாற்றினால் ஒரு வாரம் நிற்கும்.

மாசி

முடிந்தது. அரளி, நந்தியாவட்டை போல இது திரும்பத் திரும்பப் பூக்காது. வெட்டிவிட்டு எருப்போட்டு இரண்டாம் பூ கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏதோ ஒன்றிரண்டு வரும், சூம்பிப்போய். கேட்காமல் இருப்பது மரியாதை.

நல்ல செடி ஒவ்வொன்றிலும் ஒரு பூவைப் பறிக்காமல் விட்டிருந்தேன். இதழ் காய்ந்து பழுப்பானபின் நடுவைத் தேய்த்தால் விதை உதிரும். பஞ்சு போன்ற குட்டை மயிர் ஒட்டியிருக்கும். நிழலில் உலர்த்தி, காகிதப் பொட்டலத்தில் கட்டி, ஈரம் ஏறாத டப்பாவில் போடவேண்டும். ஆஸ்டர் விதையின் உயிர் சீக்கிரம் மங்கும். வருஷம் திரும்புவதற்குள் முளைப்பு குறைந்துவிடும். சேமித்து வைக்கிற விதை இல்லை, கைமாறிக்கொண்டே இருக்க வேண்டிய விதை. செடியும் தங்காது, விதையும் தங்காது, இடமும் தங்கவிடாது. வீட்டில் நட்ட மல்லிகைக்கொடி எனக்குப் பின்னாலும் இருக்கும். அதன் முன்னால் எனக்குச் சற்றுப் பயம்கூட உண்டு. ஆஸ்டரிடம் அந்தப் பயம் இல்லை.

சித்திரை

காய்ந்த செடிகளை வேரோடு எடுத்து எரித்தேன், உரக்குழியில் போடவில்லை. குழியில் போட்டால் அதிலிருக்கும் காளான் எருவோடு எல்லாப் பாத்திக்கும் போகும்.

மண்ணில் இருக்கும் காளானை வெயிலில் வேகவைக்க, பாத்தியை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை விரித்து, ஓரம் எங்கும் மண் அணைத்துவிட்டேன். அக்னி நட்சத்திரம் முடியும்வரை அப்படியே கிடக்கட்டும். ஓசூர் வெயில் சேலத்து வெயில் அளவுக்கு இல்லை, ஆனாலும் தாளுக்குள் மேல்மண் நன்றாகக் கொதிக்கிறது. பிறகு அதில் அவரை. ஆஸ்டரை அடுத்து எங்கே வைப்பது என்று பார்த்தேன்: தெற்குச் சுவரோரம், இப்போது கீரை இருக்கும் இடம். அங்கே பகல் முழுக்க வெயில், தண்ணீரும் தேங்காது.

பக்கத்து வீட்டு அக்கா விதை கேட்டார். பாதிப் பொட்டலத்தைக் கொடுத்தேன்.

"ஃபிரிட்ஜ்ல வெச்சா அடுத்த வருஷத்துக்கும் வருமா?"

"வேணாம்க்கா. வர்ற புரட்டாசியிலயே போட்டுடுங்க. காமினி விதை உங்களோடது கொஞ்சம் எனக்குக் கொடுங்க, அத நான் போடுறேன்."

"போன தடவ எங்க வெச்சோம்னே மறந்து போச்சு."

"செவத்துல சாக்பீஸால எழுதி வெச்சிருக்கேன், எனக்கும் மறந்துடும்னு. உங்களுது மாட்டுக் கொட்டாய் பக்கம் இருந்துச்சு. இந்தத் தடவ வாசப்பக்கம் வைங்க."