கோட்டுருவில் காப்பியம்: தழுவலின் அறம் குறித்த ஒரு நோக்கு

தெய்வத்தன்மை ஏற்றிப் போற்றப்படும் காப்பியம் ஒன்றை அசையும் கோட்டோவியமாக ஆக்குவது தகுமா என்னும் வினா, புதுதில்லியில் ஒருமுறை தூதரக அளவிலும் அரசு அளவிலும் எழுந்தது. யப்பானியத் திரைப்படக் கலைஞர் யூகோ சாகோ, இராமாயணத் தொல்லியல் குறித்து ஆவணப்படம் ஒன்றை எடுத்திருந்தார். யப்பானியர் புதிய இராமாயணம் படைக்கின்றனர் என 1983இல் நாளிதழ் ஒன்று அதனைப் பிறழ உணர்ந்து எழுதியது. உடனே விசுவ இந்து பரிசத்தின் கண்டன மடல் தில்லியிலுள்ள யப்பானியத் தூதரகத்தை அடைந்தது. இந்தியாவின் பெருஞ்செல்வமாகிய இராமாயணத்தை அயல்நாட்டார் தம் விருப்பம்போல் படமாக்கலாகாது என்பது அதன் சாரம். பிழை விளக்கப்பட்ட பின்னர், சாகோ உண்மையாகவே ஓர் அசைவூட்டப் படத்தை எடுக்க முன்வந்தார். உணர்வுக்குரிய பொருளைக் கார்ட்டூனாகக் காட்டலாகாது எனக் கூறி, இந்திய அரசு கூட்டுத் தயாரிப்புக்கு இணங்கவில்லை. ஆகவே ராம் மோகன், கோயிச்சி சசாகி ஆகியோரோடு இணைந்து யப்பானில் அவர் உருவாக்கிய 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா', 1993 சனவரியில் புதுதில்லியில் நடைபெற்ற இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் திரையிடப்பெற்றது. அதற்கு முந்தைய மாதம்தான் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டிருந்தது.

இம்மறுப்பினுள் இரண்டு வினாக்கள் பிணைந்து கிடக்கின்றன. ஒன்று, எடுப்பவர் யார் என்பது. மற்றொன்று, எவ்வடிவில் எடுப்பது என்பது. அரசு அஞ்சியது கலவரத்துக்கெனின் அது ஆட்சி சார்ந்த அச்சம். அதனை அறத்தின் பெயரால் கூறியிருக்க வேண்டியதில்லை.

முதல் வினாவுக்குச் சீனத்தின் 'மேற்கு நோக்கிய பயணம்' தக்க ஒப்பீடாகிறது. காஞ்சிபுரத்தைத் தம் பயணநூலுள் குறித்த யுவான் சுவாங் என்னும் துறவியின் இந்தியப் பயணமே அந்நெடுங்கதையின் கரு. 1592இல் அச்சேறிய அதன் நூறு இயல்களிலும் துறவியைவிட வானர மாணவனாகிய சுன் வுகோங்கே நெஞ்சில் நிற்கிறான். அவனுடைய மூலத்தை அனுமனில் தேடினார் ஹூ ஷி. சீன நீர்த்தெய்வக் கதையில் கண்டார் லூ சுன். சுவான்சௌ நகரின் கோபுரம் ஒன்றில் 13ஆம் நூற்றாண்டின் வானர வீரன் சிற்பம் உள்ளது. அதே நகரில் 1281ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்துள்ளது. இவ்விரண்டையும் வைத்து மட்டும் அனுமனே வுகோங் எனத் துணிதல் இயலாது. எனினும் இந்திய மண்ணின் சமயத்தை அயலார் தமதாக்கிக் கொண்ட பாங்கு இந்நூலில் வெளிப்படை.

அவர்கள் சிரித்துக்கொண்டே தமதாக்கினர். புத்தரின் விரலைத் தூண் என மயங்கி அதனடியில் வுகோங் சிறுநீர் கழிக்கிறான். கையுறை தராத பயணியர்க்குப் புத்தரின் சீடர்கள் எழுத்தற்ற வெற்றேடுகளைக் கொடுத்தனுப்புகின்றனர். இத்தகைய கதையைத்தான் சீன நடுவண் தொலைக்காட்சி 1999இல் 52 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராகச் சிறுவர்க்கு வழங்கியது. அது வெறுங்கதை, இராமகாதையோ வழிபாட்டுக்குரியது என மறுக்கலாம். ஆயின் ஃபூச்சியன், தைவான், சிங்கப்பூர் முதலிய இடங்களில் வுகோங் 'பெருமுனிவன்' எனக் கோயில்கொண்டு வழிபடப்பெறுகிறான். வழிபாடும் நகையும் அங்கே ஒருங்கே நிற்கின்றன.

இனி வடிவம் பற்றிய வினா. கார்ட்டூன் என்னும் ஒரே சொல் எள்ளி வரையும் செய்தித்தாள் ஓவியத்தையும் அசையும் படத்தையும் குறிக்கிறது. தமிழிலும் அதனைக் கேலிச்சித்திரம் என்றே பெயர்த்தோம். மறுப்பின் ஒரு பாதி இச்சொல் மயக்கத்தில் பிறந்தது எனலாம். உருவத்தை அசைத்துக் காட்டுதல் இழிவு எனின், பாலக்காட்டுப் பகுதிப் பகவதி கோயில்களின் தோற்பாவைக்கூத்தை எங்கே வைப்பது? அங்கே கம்பன் பாடல்களைப் பாடித் திரைக்குப் பின் இராமனின் தோலுருவை விளக்கொளியில் அசைக்கின்றனர். காண ஆளில்லா இரவிலும் தேவியே காண்பாள் என்று கூத்து நிகழ்கிறது. அசையும் உருவம் அங்கே வழிபாடு.

கம்பனின் அவையடக்கத்தில் இவ்வினாவுக்கு நேரான உவமை ஒன்று உண்டு. சிறுவர் தரையில் வீடும் அரங்கும் கீறி விளையாடினால் அதற்காகத் தச்சர் சினம் கொள்வரோ என அவன் கேட்கிறான். பணிவாகத் தொடங்கும் இக்கூற்று ஓர் உரிமைக் கோரிக்கையாகவும் அமைகிறது. வான்மீகி என்னும் தச்சனுக்கு முன் தன் காப்பியத்தையே கோட்டுருவாக வைத்தவன், அக்கோட்டுருவை வரையும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆயினும் தழுவுவோர்க்குக் கடன் ஏதுமில்லை என்பது இதனால் பெறப்படாது. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்னும் வரம்பையும் கம்பனிடமே தேடலாம். இராவணன் சீதையைத் தீண்டி எடுத்தான் என்னும் வான்மீகியின் செய்தியை மாற்றி, நிலத்தோடு பெயர்த்தெடுத்தான் என்றான் கம்பன். வாலியின் வினாக்களையோ அவன் சுருக்கவில்லை. மறைந்து அம்பு எய்தது தகுமா என இறக்கும் வாலியை நெடிது பேசவிட்டான். தீப்புகும் முன் இராமன் சீதையிடம் கூறும் சொற்களின் கடுமையையும் தணிக்கவில்லை. நிகழ்ச்சியைத் திருத்தினான், நெஞ்சை உறுத்தும் வினாவை விட்டுவைத்தான்.

சீன நூலிலும் அத்தகைய உறுத்தல் உண்டு. குவான்யின் தந்த பொன்வளையத்தை வஞ்சமாக வுகோங்கின் தலையில் அணிவிக்கின்றனர். துறவி மந்திரம் சொன்னால் அது தலையை இறுக்கும். 27ஆம் இயலில் மனித உருவில் வரும் பேயை வுகோங் சரியாக அறிந்து அடிக்கிறான். அறியாத துறவி, கொலை செய்தான் என வளையத்தை இறுக்கி அவனைத் துரத்துகிறார். அனுமனின் பணிவு அன்பில் விளைந்தது. வுகோங்கின் பணிவோ நோவில் தொடங்குகிறது. நோவினால் வரும் நல்லொழுக்கம் ஒழுக்கமாகுமா, ஆசான் பிழைத்தால் மாணவன் பணிய வேண்டுமா என்பன சிறுவர்க்கும் விளங்கும் வினாக்களே. ஆசானை எப்போதும் சரியானவராகக் காட்டும் தழுவல், புத்தரைக் கண்டு நகைக்கும் தழுவலினும் மூலத்துக்குப் பெருங்கேடு செய்வதாகும்.

தில்லியில் இவ்விவாதம் படத்தோடு நிற்கவில்லை. வான்மீகியிலும் கம்பனிலும் அகலிகை கதை வேறுபடுவதை எடுத்துக்காட்டிய ஏ.கே. இராமானுசனின் 'முந்நூறு இராமாயணங்கள்' கட்டுரையைத் தில்லிப் பல்கலைக்கழகக் கல்விக்குழு 2011 அக்டோபரில் வரலாற்று இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. கம்பனைப் பயிற்றுவிக்கும் தமிழாசிரியர் எவரும் வகுப்பறையில் நாள்தோறும் செய்யும் ஒப்பீடுதான் அங்கே குற்றமாயிற்று. சாகோவின் படமோ 2025 சனவரியில் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு எதிர்ப்பின்றி வந்தது. அயலார், கார்ட்டூன் என்னும் இரு தடைகளும் காலத்தால் தேய்ந்தன.

தேயாத இடர்ப்பாடு ஒன்று அவ்வடிவத்துக்கே உரியது. கடுஞ்சொல் கூறும் இராமனின் அகத்தைக் கவிஞன் சொல்லாமல் விடலாம். உரையாசிரியர்கள் அதனை ஊடல் என்றோ நாடகம் என்றோ சினம் என்றோ கொள்ளட்டும் என விலகி நிற்கலாம். ஓவியருக்கு அந்த விலக்கு இல்லை. அக்கணத்தில் இராமனின் புருவம் நெரிந்திருந்ததா, கண் கலங்கியிருந்ததா என அவர் ஒன்றைத் தேர்ந்து வரைந்தே ஆகவேண்டும்.